சும்மாதானே இருக்கிறாள்!

தமிழிலே ஒரு சொல் உண்டு. சின்னஞ்சிறு சொல், சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய சொல். ஆனால், எத்தனையோ பெண்களின் படிப்பைப் பாதியிலே அறுத்த அரிவாள் அது! ஏட்டைப் பிடுங்கிவிட்டு ஏனத்தைக் கையிலே திணித்த சொல் அது! 'சும்மா' என்ற சொல்லைத்தான் கூறுகிறேன், தோழர்களே!

மகன் புத்தகத்தை விரித்துக்கொண்டு திண்ணையிலே உட்காருகிறான். "பையன் படிக்கிறான், டி.வி. சத்தத்தைக் குறை" என்று வீடே அடங்குகிறது. மகள் அதே திண்ணையிலே, அதே புத்தகத்தை விரித்து உட்காருகிறாள். "பாப்பா, சும்மாதானே இருக்கே? இந்த அரிசியிலே கல்லைப் பொறுக்கு. தம்பி அழுறான் பாரு, தூக்கி வச்சுக்கோ. ஓடிப்போய்க் கால் கிலோ வெங்காயம் வாங்கிட்டு வா!"

அதே புத்தகம். அதே பக்கம். அதே பாடம். அவன் கையிலே இருந்தால் அதற்குப் பெயர் படிப்பு. அவள் கையிலே இருந்தால் அதற்குப் பெயர் சும்மா! எங்கிருந்து வந்தது இந்த அகராதி? எந்தப் புலவர் தொகுத்தார்? ஒருவரும் தொகுக்கவில்லை. நாம்தான் தொகுத்தோம், நம் வீட்டு வாசலிலே, நம் வாயாலே, நாள்தோறும் பொருள் கூறி வருகிறோம்.

பள்ளிக்கூடம் பெண்ணுக்கு எழுத்தைக் கொடுத்தது, எண்ணைக் கொடுத்தது என்று பேசுகிறோம். மெய்தான். ஆனால், அவற்றுக்கு முன்னால் அது கொடுத்த பெருங்கொடை வேறொன்று. காலையிலே மணி அடித்தது முதல் மாலையிலே மணி அடிக்கும் வரை அவளை யாரும் அடுப்படிக்குக் கூப்பிட முடியாது! அந்தச் சுற்றுச்சுவருக்கு அப்பால் நின்று, "கொஞ்சம் வந்து பாத்திரம் துலக்கிவிட்டுப் போ" என்று குரல் கொடுக்க முடியாது. அங்கே அவளுடைய நேரம் அவளுக்கே சொந்தம். அரசன் மகளுக்கும் ஆலைத் தொழிலாளி மகளுக்கும் ஒரே மணி ஓசை, ஒரே காவல்!

இதை ஏன் இப்போது எடுத்துரைக்கிறேன்? பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பது மேல் என்று கூறுவோர் இருக்கின்றனர். அமெரிக்காவிலே 1993ஆம் ஆண்டுக்குள் 50 மாநிலங்களிலும் அதற்குச் சட்ட இசைவு கிடைத்துவிட்டது. ஜெர்மனியிலோ நேர்மாறு, பிள்ளை பள்ளிக்குப் போயே தீரவேண்டும் என்பது அங்கே சட்டம். நம் நாட்டிலே, 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றாடம் பள்ளி வாசலை மிதிக்காமலே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறுவதற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989 முதல் வழி வைத்திருக்கிறது. பெருநகரங்களிலே அந்த வழியை விரும்பி ஏற்ற குடும்பங்கள் உண்டு.

அவர்களை ஏளனம் செய்ய நான் எழுதவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே வேகத்திலே ஓட்டப்படும் பாடம், மெல்லப் புரிந்துகொள்ளும் பிள்ளையை மிதித்துவிட்டுப் போகிறது. வீட்டிலே அப்படி இல்லை. பிரம்புக்கு அஞ்சி மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. எறும்புப் புற்றின் அருகே அரைநாள் உட்கார்ந்து அறிவியல் படிக்கலாம். நல்லவைதான், மறுக்கவில்லை.

ஆனால், நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வீட்டிலே உட்கார்ந்து கற்றுக் கொடுப்பது யார்? பெரும்பாலும் தாய்! வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் வேலையை விட்டுவிட்டு உட்காருகிறாள். காலையிலே கணக்கு, நடுவிலே சமையல், பிற்பகல் ஆங்கிலம், அதன்பின் துணி துவைப்பு, மாலையிலே கதை வாசிப்பு, இரவிலே மறுநாள் பாடத்துக்கு ஆயத்தம். தலைமையாசிரியரும் அவளே, சத்துணவு அமைப்பாளரும் அவளே, ஆயாவும் அவளே! மாதச் சம்பளம்? பூச்சியம்! அவளைப் பற்றியும் ஊர் என்ன சொல்லுகிறது தெரியுமா? "அந்தம்மா வீட்டிலே சும்மாதான் இருக்காங்க!"

மகளும் சும்மா, தாயும் சும்மா. இரண்டு சும்மாக்கள் சேர்ந்து நடத்தும் பள்ளிக்கூடம்!

வீட்டிலே கற்ற பெண்கள் நம் வரலாற்றிலே உண்டா? உண்டு. அவர்களிலே மூவரை நினைவூட்டுகிறேன். மூவரும் வீட்டிலேதான் கற்றார்கள். ஆனால், மூவருக்கும் நேரம் வந்த வழி வேறு வேறு.

முதலாமவர், வங்காளத்து ராசசுந்தரி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்பத்து மருமகள், சமையலறையே உலகம். எழுத்துக் கற்றால் பெண் கெடுவாள் என்று கூறிய காலம். அந்த அம்மையார் ஒரு நூலிலிருந்து ஓர் ஏட்டைக் கழற்றிச் சமையலறையிலே ஒளித்து வைத்துக்கொண்டார். மகன் எழுதிப் பழகிய ஓலையையும் எடுத்து வைத்துக்கொண்டார். வேலைக்கு நடுவே ஒருவரும் பாராத நொடிகளிலே எழுத்தோடு எழுத்தைப் பொருத்திப் பொருத்தித் தானே வாசிக்கக் கற்றார். பின்னாளில் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். வங்கமொழியின் தொடக்ககாலத் தன்வரலாறுகளிலே அது ஒன்றாயிற்று. அவர் கற்றது, திருடிய நேரத்திலே!

இரண்டாமவர், அதே வங்காளத்து ரொக்கையா. 1880இல் பிறந்தவர். வீட்டார் அனைவரும் உறங்கிய பிறகு, அண்ணன் மெழுகுவத்தி ஏற்றித் தங்கைக்குப் பாடம் சொன்னார். ஊர் அறியக்கூடாது, உறவு அறியக்கூடாது. அந்த மெழுகுவத்தி வெளிச்சம் வீண்போகவில்லை. 1911இல் கல்கத்தாவிலே இசுலாமியப் பெண்களுக்கென்று பள்ளி நடத்தத் தொடங்கினார் அந்தத் தங்கை. அவர் கற்றது, உறக்கத்திடம் கடன் வாங்கிய நேரத்திலே!

மூன்றாமவர், நம் புதுக்கோட்டை தந்த முத்துலட்சுமி. 1886இல் பிறந்தவர். பருவம் எய்திய பெண் பள்ளிக்குப் போவதா என்று ஊர் கேட்ட காலம். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வர். மகளை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொன்னார். மகள் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அதோடு நின்றாரா தந்தை? "வீட்டிலே படித்தது போதும், அம்மா" என்றாரா? இல்லை! ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியிலே மகளுக்கு இடம் கேட்டார். எதிர்ப்புக் கிளம்பிற்று, மன்னர் இசைவு தந்தார், மகள் கல்லூரிக்குள் நுழைந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் மருத்துவப் பட்டம். 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது அந்தப் பெண்மணியின் முயற்சியால்! அவர் வீட்டிலே கற்றது, தந்தை காவல் நின்று காத்துக்கொடுத்த நேரத்திலே!

திருடிய நேரம், கடன் நேரம், காத்த நேரம். தோழர்களே, உங்கள் மகளுக்கு இந்த மூன்றில் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?

"அவர் கல்லூரி முதல்வர், வீடு நிறையப் புத்தகம். நாங்கள் சித்தாள், கொத்தன், தறிக்காரன், வண்டி ஓட்டி. எங்களை ஏன் இழுக்கிறாய்?" என்று கேட்பது காதிலே விழுகிறது. வருகிறேன். அதற்கு முன்னால், நாம் எல்லோருமே விரும்பியோ விரும்பாமலோ வீட்டிலே பள்ளி நடத்திய ஒரு காலத்தை நினைத்துப் பாருங்கள்.

2020 மார்ச்சு மாதம் கொரோனாவுக்கு அஞ்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டிலே ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடியும் வகுப்பறையைக் கண்டது 2021 நவம்பர் முதல் நாள். ஏறத்தாழ 19 மாதம்! கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. கைப்பேசியிலே வகுப்பு நடந்தது. ஆனால், வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பி வந்தால் முதலிலே அண்ணன் கையிலே. மீதி நேரம் இருந்தால், மின்னேற்றமும் மீதி இருந்தால், தங்கை கையிலே. அந்த மாதங்களிலே படிப்பை நிறுத்திச் சிறுமியருக்குத் தாலி கட்ட முயன்றதாக எத்தனை செய்திகள் வந்தன, மறந்துவிட்டீர்களா? பள்ளி மணி நின்றதும், "சும்மாதானே இருக்கிறாள்" என்ற பழைய மணி அடிக்கத் தொடங்கிற்று!

என் இல்லத்திலும் இரண்டு பெண்கள். அப்போது மூத்தவள் மூன்றாம் வகுப்பு, இளையவள் முதல் வகுப்பு. என் துணைவியார் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவர். சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. கூட்டங்கள் இல்லை, ஊர்ப்பயணம் இல்லை, நானும் வீட்டிலே. ஒரே அறை. ஒரு மூலையிலே தையல் பொறி ஓடும். மற்றொரு மூலையிலே வாய்ப்பாடு ஓடும். பொறி நிற்கும்போதெல்லாம், "ஒன்பது ஏழு?" என்று தாயின் குரல். "அறுபத்து மூணு" என்று மகளின் குரல். மறுபடியும் பொறி ஓடும். அடுப்பிலே குழம்பு கொதித்தால் இருவரையும் விட்டுவிட்டு ஓடவேண்டும்.

இளையவளுக்கு ல, ள, ழ மூன்றும் மூன்று பகைவர்கள். ஒருநாள் சிலேட்டிலே எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள்: "எனக்குப் பல்லிக்குப் போகணும்." வீடே சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகு எவருக்கும் பேச்சு வரவில்லை. எழுத்திலே பிழை இருந்தது. ஏக்கத்திலே பிழை இல்லை! தோழிகள் வேண்டும், ஓடுவதற்கு இடம் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைப் பிடுங்கிச் சண்டை போட ஒருத்தி வேண்டும். இவற்றைத் தாயும் தந்தையும் எவ்வளவு அன்பு காட்டினாலும் தரமுடியுமா?

காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பள்ளி நேரம் என்று வீட்டிலே விதித்தோம். அந்த இரண்டு மணி நேரம் எந்த வேலைக்கும் பிள்ளைகளைக் கூப்பிடக்கூடாது. எது வேண்டுமானாலும் என்னிடம் கேட்கவேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "பெரியவ சும்மாதானே இருக்கா, கடைக்கு அனுப்புங்க தம்பி, கடையை மூடிடப் போறான்" என்றார். "அவ படிக்கிறாக்கா. நான்தான் சும்மா இருக்கேன்; பையைக் கொடுங்க, நான் போயிட்டு வர்றேன்" என்று சொல்லி எழுந்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பை என் கைக்கு வந்தது. புத்தகம் அவள் கையை விட்டுப் போகவில்லை. இதிலே வீரம் ஒன்றும் இல்லை. பத்து நிமிட நடை. ஆனால், பெண்கல்வி என்று மேடையிலே இரண்டு மணி நேரம் முழங்குவதைக் காட்டிலும், அந்தப் பத்து நிமிட நடை பெரிது என்பேன்!

இனி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "எட்டாவது வரை படித்தவன், நான் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்கிறீர்கள். உங்கள் கையிலே உள்ள தொழிலைப் பாருங்கள். கொத்தனார் தோழரே! மூலை மட்டம் பார்க்க ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்க்கிறீர்களே, அதைத்தான் உயர்நிலைப் பள்ளியிலே பிதாகரஸ் தேற்றம் என்று கரும்பலகையிலே எழுதுகிறார்கள். உங்கள் மகளின் கையிலே அளவு நாடாவைக் கொடுத்து வீட்டு மூலையை அளக்கச் சொல்லுங்கள். தேற்றம் பின்னால் வரும்போது, "இது எங்க அப்பாவோட கணக்கு" என்று சிரிப்பாள்!

நெசவாளத் தோழரே! 40ஆம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு. பெருக்கச் சொல்லுங்கள் மகளை. 33,600 கெஜம் என்று விடை வரும். ஒரு பவுண்டு நூலுக்குள்ளே இவ்வளவு நீளமா என்று அவள் கண் விரியும். உழவர் தோழரே! ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஓர் ஏக்கர். வரப்பிலே நடந்துகொண்டே பரப்பளவு சொல்லிக் கொடுக்கலாமே! வண்டி ஓட்டும் தோழரே! இத்தனை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அன்றாடம் மனத்துக்குள்ளே வகுக்கிறீர்களே, அதை வாய்விட்டு வகுத்துக் காட்டினால் போதாதா?

அதுவும் இயலாதா? சரி. சும்மா உட்காருங்கள்! ஆம், சும்மா என்ற சொல்லுக்கு ஒரு நல்ல வேலை கொடுப்போம். மாலையிலே அரைமணி நேரம் மகளின் அருகே சும்மா உட்காருங்கள். "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அவள் ஆசிரியர், நீங்கள் மாணவர். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் போதுதான் பாடம் தனக்கே தெளிவாகிறது என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த உண்மை. பையனுக்கு அரிசியிலே கல் பொறுக்கக் கற்றுக் கொடுங்கள், அதுவும் பாடம்தான். தாய்க்கு அந்த அரைமணி நேரம் ஓய்வு, அதுவும் கல்விப்பணிதான்.

இன்னொரு கேள்வியும் வரும்: "அப்படியானால், நன்றாகக் கவனிக்கிற வீடு இருந்தால் பள்ளிக்கூடமே வேண்டாமா?" வேண்டும், தோழர்களே, கட்டாயம் வேண்டும்! 1920இல் சென்னை ஆயிரம் விளக்கிலே மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டார்கள். 1956இல் காமராசர் மதிய உணவைப் பரப்பினார். 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. ஏன் இந்த நூறாண்டு உழைப்பு? பிள்ளையை வீட்டிலிருந்து பள்ளிக்கு வரவழைப்பதற்கு! சோறு போட்டு அழைத்த பள்ளியை நாம் சோர்ந்துபோய் விட்டுவிடுவதா? வசதி படைத்தோர் வீட்டிலே பாடம் நடத்தலாம். அங்கே அறை உண்டு, நூல் உண்டு, வேலைக்கு ஆள் உண்டு. ஒற்றை அறையிலே, கூலிக்கு ஓடுகிற வீட்டிலே, பெண்ணின் நேரத்துக்குக் கோட்டைச் சுவர் பள்ளிக்கூடம்தான்.

முத்துலட்சுமியின் தந்தையே வீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதை மறவாதீர்கள். கதவு மூடியிருந்தபோது வீட்டிலே கற்பித்தார். கதவைத் தட்டித் திறக்க வைத்துக் கல்லூரிக்கு அனுப்பினார். வீடு, பள்ளிக்குத் துணை; பள்ளிக்குப் பகை அல்ல.

2021 அக்டோபரிலே 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களிலே பெரும்பாலோர் பெண்கள்! மாலையிலே தெருவிலே, திண்ணையிலே, மரத்தடியிலே பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். படித்துவிட்டு 'வீட்டிலே சும்மா இருக்கிறாள்' என்று நாம் எண்ணியிருந்த அந்தப் பெண்கள்தான், விட்டுப்போன பாடத்தை ஊருக்கு மீட்டுக் கொடுத்தார்கள். எழுத்தறிந்த பெண் ஒருத்தி தெருவுக்கு என்ன செய்வாள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, உங்களிடம் நான் கேட்பது பணம் அல்ல, படை அல்ல, ஊர்வலம் அல்ல. உங்கள் மகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம். பள்ளி நடக்கும் நாளிலும் சரி, விடுமுறை நாளிலும் சரி, அந்த ஒரு மணி நேரத்திலே யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் நீங்கள் எழுந்து போகவேண்டும். குடம் நிரம்பட்டும், நீங்கள் தூக்குங்கள். தம்பி அழட்டும், நீங்கள் ஏந்துங்கள். கடை மூடட்டும், நீங்கள் ஓடுங்கள்.

இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்புவீர்கள். கிளை நிலையத்திலே தோழர்கள் காத்திருப்பார்கள்; அரசியல் பேச்சு ஆறிப்போகாது, அரைமணி நேரம் பொறுக்கும். முதலிலே வீட்டுக்குப் போங்கள். மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். எவரேனும் அவளைப் பார்த்து, "சும்மாதானே இருக்கிறாள்" என்று தொடங்கினால், முடிக்க விடாதீர்கள். "இல்லை, படிக்கிறாள்!" என்று உரக்கச் சொல்லுங்கள். தெரு கேட்கட்டும். அவளும் கேட்கட்டும்!